கடைசியாகப் பிறந்த நாள் வந்தவர் யார்?

பிரித்தானியர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதென்று வாக்களித்த மறுநாள் காலை, எங்கள் கருத்துக்கணிப்பு அலுவலகத்து இளசுகள் என் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த அபிராமிதான் வாயைத் திறந்தாள்.

"அன்ரி, நைன்ரி ஃபைவிலை கியூபெக் ரெஃபரெண்டத்துக்கு நீங்கள் கோல் பண்ணினீங்கள்தானே? வாஸ் இற் திஸ் கிரேஸி?"

"வேலையைப் பாருங்கோ பிள்ளையள்" என்று துரத்திவிட்டேன். சொல்ல ஒன்றுமில்லாமல் அல்ல. சொல்ல வேண்டிய கதையில் நான் நல்ல பிள்ளையாக வரவில்லை, அதுதான் காரணம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னை வேலையால் நிறுத்த ஒருவருமில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

நான் கனடாவில் முதலில் கால் வைத்தது மொன்றியாலில். அரசாங்கம் நடத்திய வகுப்பில் ஏழு மாதம் பிரெஞ்சு படித்தேன். ஹோட்டலில் கட்டில் விரித்தேன், உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன், அந்த நேரமெல்லாம் பக்கத்தில் நின்ற பெண்களோடு வாய் ஓயாமல் கதைத்ததில் என் பிரெஞ்சு தேறியது. பிறகு கணவருக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்து, அந்த நகரின் மல்வேர்ன் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். ரொறன்ரோவில் என் ஆங்கிலத்தை ஒருவரும் மதிக்கவில்லை. என் பிரெஞ்சைத்தான் ஒரு கருத்துக்கணிப்புக் கம்பனி தேடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் பயிற்சி தந்து, காதில் ஹெட்செற்றை மாட்டி, மாலை ஐந்து மணி ஷிஃப்டில் உட்கார்த்திவிட்டார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் பொலின். கியூபெக்கில் பிறந்து, இருபது வருடம் ரொறன்ரோவில் இருந்தவர். உயரம் குறைவு, நடை சத்தமில்லாதது. அறையின் மூலையில் கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் இருந்துகொண்டு யாருடைய அழைப்பையும் ஒட்டுக் கேட்பார். எப்போது கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பிழை விட்டால் ஏச மாட்டார். அழைப்பு முடிந்ததும் ஒரு மஞ்சள் துண்டு மேசைக்கு வரும். அதில் நேரமும் பிழையும் மட்டும் எழுதியிருக்கும். சில நாள்களில் என் மேசை கொன்றை பூத்த மாதிரி இருக்கும்.

அவருக்கு முன்பிருந்தவர், அழைப்பவர்கள் சிரித்த முகத்தோடு கதைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மேசையிலும் சிறிய கண்ணாடி வைத்திருந்தாராம். பொலின் வந்த முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றி எடுத்தார். "சிரிப்பு தொலைபேசியில் கேட்கும். எந்தப் பதிலுக்குச் சிரிக்கிறாய் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும். குரலுக்கு விருப்பம் இருக்கக் கூடாது" என்றார்.

வேலை இப்படித்தான். கணினி அச்சடித்துத் தரும் இலக்கங்களை வரிசைப்படி அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் வேறு வேறு நேரங்களில் நான்கு தரம் முயல வேண்டும். பக்கத்து இலக்கத்துக்குத் தாவக் கூடாது. யார் தொலைபேசியை எடுத்தாலும் அவரிடமே கேள்வியைக் கேட்டுவிடவும் கூடாது. எடுப்பவர்களையே கேட்டால் வீட்டில் எப்போதும் இருப்பவர்களின் கருத்துத்தான் வரும். அதனால் முதலில், "உங்கள் வீட்டில் வாக்குரிமை உள்ளவர்களில் கடைசியாகப் பிறந்த நாள் வந்தவர் யார்?" என்று கேட்டு அவரைத்தான் அழைக்க வேண்டும். பிறகு கேள்வியை எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டும். முடிந்த தாள்களில் பத்துக்கு ஒன்றை இன்னொருவர் திரும்ப அழைத்து, பிறந்த மாதத்தையும் ஆண்டையும் கேட்டு, அதே ஆள்தானா என்று உறுதி செய்வார். அந்தத் தாளில் பொலின் 'வெரிஃபைட்' என்று சிவப்பு முத்திரை குத்துவார். முத்திரை விழுந்தால்தான் அந்தப் பத்தும் மனித வாக்கு, இல்லாவிட்டால் வெறும் கடதாசி.

இனி அந்த ஒக்ரோபர். கியூபெக் கனடாவை விட்டுப் பிரிவதா என்று அந்த மாகாணத்து மக்கள் வாக்களிக்கப் போகிறார்கள். கேள்வியோ ரயில் பெட்டி மாதிரி நீளம். கனடாவுக்குப் புதிய பொருளாதார, அரசியல் பங்காளித்துவத்துக்கு முறைப்படி அழைப்பு விடுத்த பின், கியூபெக் இறைமையுள்ள நாடாவதற்கு உடன்படுகிறீர்களா என்று போகும். நான் மூச்சைப் பிடித்து வாசித்து முடிக்க, "சரி அம்மா, அப்படியென்றால் நாங்கள் போகிறோமா, இருக்கிறோமா?" என்று கேட்ட கிழவர்களும் உண்டு. விளக்கம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. "நீங்கள் விளங்கிக்கொண்டபடி பதில் சொல்லுங்கள்" என்று இன்னொரு தரம் வாசிப்பேன்.

ஆரம்பத்தில் பிரிய வேண்டாம் என்ற 'நோ' பக்கம் நிமிர்ந்து நின்றது. கிழமைக்குக் கிழமை அது சரிந்தது. ஒக்ரோபர் நடுவில் இரண்டும் சமமாக வந்து நின்றன. தேநீர் அறையில் சண்டை. காதலர் இருவர் பிரிந்தார்கள். மேப்பிள் இலைச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த ஒருவனைப் பொலின் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். "தொலைபேசியில் சட்டை தெரியாதே" என்று அவன் வாதாடினான். "உனக்குத் தெரியுமே" என்றார் பொலின்.

என்னைத் தவிர அங்கே இருந்த ஒரே தமிழர் தயாபரன் அண்ணை. அவரும் மொன்றியால் வழியாக வந்தவர், பிரெஞ்சுக்காரருக்கே இலக்கணம் சொல்லிக் கொடுப்பார். பிரிவினைக்கு வக்காலத்து வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"நாங்கள் ஊரிலை என்ன கேட்டனாங்கள் ரஞ்சி? அதைத்தானே உவங்களும் கேக்கிறாங்கள்? குண்டு இல்லை, ஷெல் இல்லை, பெட்டியிலை கடதாசியைப் போட்டுக் கேக்கிறாங்கள். அதுக்கும் வேண்டாமெண்டு சொல்ல எங்களுக்கு என்ன முகம் இருக்கு?"

"முகம் கிடக்கட்டும் அண்ணை. ஒரு நாடு உடைஞ்சு நொறுங்கிறதைப் பாத்திட்டுத்தான் ஓடி வந்தனான். வந்து ஏறின நாடும் உடையிறதைப் பாக்க என்னாலை ஏலாது."

"உடையிறதோ, பிரியிறதோ? அதை ஆர் முடிவு செய்யிறது?"

என் தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

வாக்களிப்புக்கு முந்திய புதன்கிழமை, மாலை ஆறரை மணியிருக்கும். மொன்றியால் இலக்கம் ஒன்று. ஒரு பெண் "அலோ" என்றாள். பின்னால் குக்கர் விசிலடித்தது, "அம்மா, அண்ணா என்ரை கொப்பியைக் கிழிச்சுப்போட்டான்" என்று ஒரு பிள்ளை அழுதது. நான் பிரெஞ்சில் தொடங்கினேன். "நோ பிரெஞ்ச். இங்கிலீஷ் கொஞ்சம், கொஞ்சம்" என்றாள். விதிப்படி 'மொழித் தடை' என்று குறித்துவிட்டு வைக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற மொழிபெயர்ப்பு இல்லாமல் வேறு மொழியில் ஒரு சொல்லும் கேட்கக் கூடாது. எனக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தக் குக்கர் விசில் என்னை இழுத்தது. எங்கள் சனத்தின் வாக்கும் கணக்கில் வரட்டுமே என்று ஒரு திமிர் வேறு.

"அக்கா, நீங்கள் தமிழோ? தமிழிலையே கதைக்கலாம்" என்று சிரித்தேன்.

அவள் பிள்ளையை 'ஸ்ஸ்' என்று அடக்கினாள். அந்தக் காலத்தில் தெரியாத ஆள் தமிழில் அழைத்தால் ஒன்றில் இயக்கத்துக்குக் காசு சேர்க்கிறவர்கள், இல்லாவிட்டால் ஊரிலிருந்து சாவுச் செய்தி. இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கருத்துக்கணிப்பு என்று விளக்கி, குடியுரிமை இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று கிழமைக்கு முன்தான் சத்தியப்பிரமாணம் செய்ததாகச் சொன்னாள். குரலில் பெருமை இருந்தது. வாழ்க்கையில் முதல் முதலாக வாக்குப் போடப் போகிறாளாம். கடைசியாகப் பிறந்த நாள் வந்தவர் யார் என்று கேட்டேன்.

"எனக்குத்தான். போன ஞாயிறு..." சட்டென்று நிறுத்தினாள். "இல்லை, இல்லை. அவருக்கு. எனக்கு ஏப்ரல்." பிறகு மெல்லிய குரலில், "எந்தப் பிறந்த நாளைக் கேக்கிறியள் தங்கச்சி? சிற்றிசன் காட்டிலை உள்ளதோ?"

எனக்கு விளங்கிவிட்டது. களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில் இருந்த திகதியை விமான நிலையத்தில் பயத்தில் சொல்லி, அதுவே பதிவாகி, பிறகு அதைத் திருத்தப் போனால் எல்லாமே பிழையாகிவிடும் என்று அப்படியே காவிக்கொண்டு திரிந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். "பரவாயில்லை அக்கா, உங்களையே கேக்கிறன்" என்று கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"பிரிஞ்சு போனால் எங்கட சிற்றிசன் காட் செல்லுமோ?"

"செல்லும் அக்கா. ஒண்டும் நடக்காது."

"அப்ப நான் என்ன போடுறது பிள்ளை?"

இதைத்தான் நான் இருபத்தைந்து வருடமாக யோசிக்கிறேன். 'அதை நான் சொல்லக் கூடாது அக்கா' என்று ஒரு வசனம். பயிற்சியில் நூறு தரம் சொல்லிப் பழகிய வசனம். அதற்குப் பதிலாக நான் சொன்னது: "பயப்பிடாதேங்கோ. எங்கட ஆக்கள் எல்லாரும் நோதான் போடுகினம். நீங்களும் பேசாமல் நோவைப் போட்டிட்டு வாங்கோ."

"எங்கட ஆக்கள் ஆர் ஆர் என்ன போடுகினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

குரல் மாறிவிட்டது. நான் ஆறுதல் சொல்லப் போய், யாரோ எல்லோரையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதி சொல்லிவிட்டேன்.

"நீங்கள் ஆற்றை ஆள்? எங்கட நம்பர் ஆர் தந்தது? பிறந்த நாளைக் கேட்டனீங்கள்... எழுதிப்போட்டியளோ? ஐயோ, அழிச்சுவிடுங்கோ பிள்ளை. எனக்கு ரெண்டு பிள்ளையள். நான் வோட்டுக்குப் போகேல்லை. ஒண்டுக்கும் போகேல்லை." அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

மஞ்சள் துண்டு வரவில்லை. பொலினே வந்து என் பின்னால் நின்றார். "தாளை எடுத்துக்கொண்டு வா."

கூண்டுக்குள் அவர் ஒரு கோடு போட்ட கடதாசியை என் முன் வைத்தார். ஆறு முப்பத்தொன்று, சிரித்தாய். ஆறு முப்பத்தாறு, இரண்டு தரம் 'நோ' என்றாய். ஆறு முப்பத்தேழு, அவர் அழுதார்.

"எனக்கு உன் மொழி தெரியாது. அழுகை தெரியும். என்ன சொன்னாய்? வரிக்கு வரி."

அந்த உரையாடல் எங்கும் பதிவாகவில்லை. நான் என்ன சொன்னாலும் அதுதான் உண்மை. அந்த வேலை போனால் மறுபடி பெட்டி அடுக்கத்தான் போக வேண்டும். பொய் சொன்னேன். "கேள்வியை மொழிபெயர்த்தேன். அவர் நோ என்றார், நான் அதைத் திருப்பிச் சொன்னேன். பிள்ளைகள் குழப்படி செய்ததால் அழுதார்."

பொலின் என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை, சந்தேகமும் இல்லை. குரலைப் போலவே அவர் முகத்துக்கும் விருப்பம் கிடையாது. "நல்லது. அப்படியானால் இது முடிந்த நேர்காணல். ஒப்புதல் இல்லாத மொழியில் நடந்தபடியால் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். தயா தமிழில் அழைப்பார்." தொலைபேசியை நோக்கிக் கை போயிற்று.

பத்து நிமிடத்துக்குள் இன்னொரு தெரியாத தமிழ்க் குரல். அதுவும் தயாபரன் அண்ணையின் அதிகாரமான குரல். அந்தக் குரல் முதலில் கேட்கப் போவது என்ன? நீங்கள் பிறந்த மாதம் எது, ஆண்டு எது? அந்த மனுசி இரவோடிரவாக வீட்டைக் காலி செய்துவிடுவாள்.

"அழைக்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

அதைச் சொல்ல வேண்டுமானால் அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி, என்னைத் தமிழ் என்று நம்பிச் சொன்னதை ஒரு வெள்ளைக்காரியின் மேசையில் வைக்க வேண்டும். கடைசியில் கேட்டேன், "உங்கள் கோப்பில் என் பிறந்த நாள் என்ன?"

"மார்ச் மூன்று." பார்க்காமலே சொன்னார். ஒவ்வொரு வருடமும் எனக்குக் கேக் வாங்கி வருவது அவர்தான்.

"அது பொய். ஏஜென்சிக்காரனின் பாஸ்போட்டில் இருந்த திகதி. அம்மா என்னைப் பெற்றது வேறு நாள். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரிக்கு வரி, பிரெஞ்சில். 'எங்கட ஆக்கள் எல்லாரும் நோதான்' என்று வந்த இடத்தில் எனக்கு வெட்கத்தில் தலை குனிந்தது. சொல்லி முடிக்கும்போது, என் வேலையை மட்டுமல்ல, என் குடியுரிமைப் பத்திரத்தையும் அவர் மேசையில் வைத்துவிட்டேன் என்று உணர்ந்தேன். அவர் நினைத்தால் ஒரு கடிதம் போதும்.

"சரியான நாள் எது?" பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"ஓகஸ்ட் இருபத்தொன்று."

பேனா கடதாசிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டு மூடினார். "அவரிடம், அட்டை செல்லும் என்று சொன்னாய். அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பிரதமருக்கே தெரியாது" என்றார். என் தாளை இழுத்து, 'பதில் தர மறுத்தார். மீண்டும் அழைக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். அந்தக் கட்டத்தில் விழுந்த இலக்கம் மறுபடி எந்தப் பட்டியலிலும் வராது. அந்தப் பெண் மறுக்கவில்லை. பொலின் எழுதி நான் பார்த்த ஒரே பொய் அதுதான். பிறகு கையை நீட்டி என் ஹெட்செற்றைக் கேட்டார். வாக்களிப்பு முடியும்வரை நான் தொலைபேசியைத் தொடக் கூடாது, தாள்களை எண்ணி அடுக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தப்பித்தோம் என்ற நன்றி வர வேண்டிய இடத்தில் ஆத்திரம். "இது உங்கள் ஊர். உங்கள் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். உங்களுக்கு ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணன் என்னோடு பேசி மூன்று கிழமை. அவன் ஆம் பக்கம். நான் மறுபக்கமாக இருந்தால்கூடக் கோபிக்க மாட்டான். நான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, அதுதான் கோபம்" என்றார் பொலின். இன்றுவரை அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, பிரிய வேண்டாம் என்று கெஞ்ச ரொறன்ரோவிலிருந்து பேருந்து பேருந்தாக மொன்றியாலுக்குச் சனம் போனது. நான் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வாக்களிப்பு. மயிரிழையில் கியூபெக் கனடாவோடு நின்றுகொண்டது. என் பக்கம் வென்றது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்த மெல்லிய இடைவெளியில், முதல் வாக்கைப் போட ஆசைப்பட்ட ஒருத்தி வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாளோ என்றுதான் யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால், என் பக்கத்துக்கு நானே ஒரு வாக்கைக் குறைத்திருந்தேன்.

செவ்வாய் காலை கணக்கு முடிக்க எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். தயாபரன் அண்ணை வாக்கைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"கேள்விப்பட்டியோ ரஞ்சி? யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டிட்டுதாம். ஆமி வருதெண்டு சனமெல்லாம் கையிலை கிடைச்சதோடை நாவற்குழிப் பாலத்தாலை நடக்குதாம். மழையாம்."

என் அம்மாவும் அப்பாவும் அந்தச் சனத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் உயிரோடு சாவகச்சேரி போய்ச் சேர்ந்தது எங்களுக்குத் தெரிய வர இரண்டு கிழமை ஆனது. இங்கே போவதா இருப்பதா என்று ஒவ்வொரு ஆளாகப் பிறந்த நாள் கேட்டு, எழுத்துக்கு எழுத்து வாசித்து விசாரித்தோம். அங்கே என் அம்மாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு தயாபரன் அண்ணையும் நானும் அந்தச் சண்டையைத் தொடரவே இல்லை.

டிசம்பரில் பொலின் என் ஹெட்செற்றைத் திருப்பித் தந்தார். அதன் பிறகு நான் இருபதாயிரம் முப்பதாயிரம் பேரோடு கதைத்திருப்பேன். ஒருவருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. தமிழ்க் குரல் கேட்டால் 'மொழித் தடை' என்று குறித்துவிட்டு வைத்தேன். அபிராமி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: கணிப்புப் பிழையாய்ப் போனதோ இல்லையோ, பயந்தவர்கள் அதற்குள் வரவேயில்லை. அவர்களில் ஒருத்தியைப் பயப்படுத்தியது உன் அன்ரி.

அடுத்த மார்ச் மூன்றாம் திகதி நான் பயந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன். வழக்கம்போல் கேக் வந்தது. வழக்கம்போல் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று பிறந்த நாள் பாட்டுப் பாடினார்கள், பொலினும் பாடினார். நான் அவர் குரலைத்தான் உற்றுக் கேட்டேன். ஒரு துளி வித்தியாசமும் இல்லை.

ஓகஸ்டில் ஒரு மாலை வேலைக்கு வந்து உட்கார்ந்தேன். என் தொலைபேசிக்குக் கீழே ஒரு மஞ்சள் துண்டு. அழைப்பே தொடங்கவில்லை, அதற்குள் என்ன பிழை என்று எரிச்சலோடு இழுத்துப் பார்த்தேன். 'ஓகஸ்ட் 21' என்று மட்டும் எழுதியிருந்தது. அதன்மேல் சிவப்பில், சரிந்து விழாமல் நேராக, வெரிஃபைட் முத்திரை.

கூண்டைத் திரும்பிப் பார்த்தேன். பொலின் காதில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு யாருடைய அழைப்பையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்து, குரலைச் சரிசெய்துகொண்டு, பட்டியலின் முதல் இலக்கத்தை அழைத்தேன்.